பத்தியம்: ஒரு வரலாறும் ஒரு வாக்குமூலமும்

1

எங்கம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னவன் நான்தான். 1995இல், நாகல் நகர் வீட்டில், தறிக்குழி ஓரமாக உட்கார்ந்து சொன்னேன். வரலாற்றுக் கட்டுரை என்று சொல்லிவிட்டுச் சொந்தக் கதையை ஆரம்பிக்கிறானே என்று நண்பர்கள் நினைக்கலாம். ஆனால் இந்த வரலாற்றில் நான் வேடிக்கை பார்த்தவன் அல்ல. அதை மறைத்துவிட்டு எழுதினால் மிச்சமுள்ளதும் பொய்யாகிவிடும்.

அப்பா கூலி நெசவு. பாவும் ஊடையும் முதலாளியுடையது, தறியும் இடுப்புவலியும் எங்களுடையது. அம்மா தார் சுற்றுவார். 1989இல் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. பார்த்த டாக்டர் மாத்திரை எழுதினார். அரிசியைக் குறைக்கச் சொன்னார். எதற்கு, எப்படி, குறைத்துவிட்டு என்னத்தைச் சாப்பிடுவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா கேட்கவும் இல்லை. கேட்கிற இடமாக அது இருக்கவில்லை.

நாங்கள் ஏழெட்டுப் பேர் அப்போது ஒரு வாசகர் வட்டமாக இயங்கிக்கொண்டிருந்தோம். இவான் இல்லிச் 1975இல் வெளியிட்ட மருத்துவ நிறுவனம் குறித்த நூலைப் பற்றி விடிய விடியப் பேசியிருக்கிறோம். மருத்துவமே நோயை உற்பத்தி செய்கிறது, மனிதர்கள் தம் வலியைத் தாமே எதிர்கொள்ளும் ஆற்றலை அது பறிக்கிறது என்ற வாதம் எங்களைப் பிடித்து ஆட்டியது. உடலின் மீது அறிவும் அதிகாரமும் எவ்வாறு செயல்படுகின்றன என்பதைப் பூக்கோ வழியாகப் புரிந்துகொள்ள முயன்ற காலம் அது. போபால் நடந்து பத்தாண்டுதான் ஆகியிருந்தது. எங்கள் ஊரிலோ தோல் ஷாப்புக் கழிவு குடகனாற்றுப் படுகையில் இறங்கிக் கிணற்றுத் தண்ணீரை உப்பாக்கிக்கொண்டிருந்தது. இரசாயனம் என்ற சொல்லே எங்களுக்கு எதிரியின் பெயராக இருந்தது. மாத்திரையும் இரசாயனம்தானே!

சிறுமலை அடிவாரத்தில் நடந்த ஒரு இயற்கை வாழ்வு முகாமுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். அங்கே பேசியவர் நல்ல மனிதர். காசு வாங்கவில்லை. அவர் பெயர் இங்கே தேவையில்லை. ஆவாரம்பூக் கசாயம், சாமைச் சோறு, பச்சைக் காய்கறி, தேங்காய், பழம் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். மாத்திரையும் கூடாது, சோதனையும் கூடாது என்றார். வரும் வழியில் பஸ்ஸில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏய்யா, நீ படிச்சவன். ஒனக்குச் சரின்னு படுதா?"

"சரிதாம்மா" என்றேன்.

2

பத்தியம் என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். பாதைக்கு உகந்தது, அதாவது உடம்பின் வழிக்கு ஒத்தது என்பது இதன் வடமொழி மூலப் பொருள். தமிழ் வழக்கில் அது விலக்குகளின் பட்டியலாக மாறியிருக்கிறது: புளி ஆகாது, கத்திரிக்காய் ஆகாது, மீன் ஆகாது, மனைவியோடு படுத்தல் ஆகாது. மருந்து கொடுப்பவர் கையில் மருந்து இருக்கிறது. நோயாளி கையில் இருப்பது பத்தியம் மட்டுமே. இந்தப் பங்கீட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. நோய் குணமானால் பெருமை மருந்துக்கு. குணமாகாவிட்டால் பத்தியம் முறிந்துவிட்டது என்று பொருள். எங்கேயாவது ஒரு துண்டுக் கருவாடு தின்றிருப்பாய், யோசித்துப் பார் என்பார்கள். யோசித்தால் தின்றிருப்போம்தான்.

பத்தியம் எல்லோருக்கும் ஒன்றாகவே விதிக்கப்பட்டதா? சுசுருத சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியில் நீரிழிவு பற்றிய இடம் இதற்கு நல்ல சான்று. கையில் பொருளும் உறவும் இல்லாதவன் செருப்பும் குடையும் இல்லாமல், பிச்சையெடுத்துச் சாப்பிட்டு, ஒரு ஊரில் ஒரு இரவுக்கு மேல் தங்காமல் நூறு யோசனை தூரம் நடக்க வேண்டும். பெரும் பணக்காரனாக இருந்தால் சியாமாகம் என்ற சிறுதானியத்தையும் காட்டு நெல்லையும், நெல்லிக்கனி, விளாங்கனி போன்றவற்றையும் உண்டு மான்களோடு காட்டில் வாழ வேண்டும். பிராமணன் சிதறிய கதிர் பொறுக்கி உண்ண வேண்டும். ஏனையோர் கிணறு வெட்ட வேண்டும். நோய் ஒன்றுதான். ஆனால் ஒருத்தனுக்குச் சிறுதானியம், இன்னொருத்தனுக்கு மண்வெட்டி.

இதில் கேலி செய்வதற்கு மட்டுமல்ல, கற்றுக்கொள்வதற்கும் இருக்கிறது. உட்கார்ந்து தின்று பெருத்த உடம்புக்கு உழைப்பும் குறைந்த உணவும் மருந்து என்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, மெலிந்த நோயாளியை எப்போதும் காப்பாற்றிப் போஷிக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள். நீரிழிவுக்காரர்களில் இரண்டு வகை உண்டு, ஒருவருக்கான பட்டினி இன்னொருவரைக் கொன்றுவிடும் என்ற கவனம் அதில் இருக்கிறது. மரபைப் போற்றுகிறோம் என்று பேசிய எங்களில் ஒருத்தருக்கும் இந்த எச்சரிக்கை தெரிந்திருக்கவில்லை. நாங்கள் போற்றிய மரபு நாங்கள் படிக்காத மரபு.

மெலிந்த நோயாளிக்குப் பத்தியம் மட்டும் என்ன செய்யும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டில் துல்லியமான பதிவு உண்டு. இன்சுலினுக்கு முன்பு அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர் நீரிழிவுக்குக் கடும் பட்டினியைச் சிகிச்சையாகக் கொடுத்தார். எலிசபெத் ஹ்யூஸ் என்ற சிறுமிக்கு 1919இல் நோய் கண்டது. மூன்று வருஷம் பத்தியத்திலேயே உயிரைப் பிடித்துவைத்திருந்தாள். 1922 ஆகஸ்டில் டொரண்டோவுக்குக் கொண்டுவரப்பட்டபோது பதினைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த பெண்ணின் எடை ஏறக்குறைய இருபது கிலோ. இன்சுலின் போட்ட பிறகு 1981 வரை வாழ்ந்தாள். பத்தியம் அவளுக்கு மூன்று வருஷம் கொடுத்தது. அது சின்ன விஷயமில்லை. ஊசி அவளுக்கு ஐம்பத்தொன்பது வருஷம் கொடுத்தது.

3

நாங்கள் மரபு என்று நம்பியதன் பிறப்பிடத்தைத் தேடினால் அது பொதிகையில் இல்லை, ஜெர்மனியில் இருக்கிறது. லைப்சிக் நகரத்து லூயி கூனே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் முன்வைத்த கோட்பாடு எளிமையானது: நோய் ஒன்றே, உடம்பில் சேரும் அந்நியப் பொருளே அதன் காரணம், அதை வெளியேற்றினால் நோய் போய்விடும். தொட்டிக் குளியலும் தாவர உணவும் வழி. 1894இலேயே அவர் நூல் தெலுங்கில் வந்துவிட்டது. இன்னொரு ஜெர்மானியர் அடால்ஃப் ஜூஸ்ட். இயற்கைக்குத் திரும்புதல் பற்றிய அவரது நூலைத் தென்னாப்பிரிக்காவில் படித்துத்தான் காந்தி வயிற்றில் மண்பட்டி போட ஆரம்பித்தார். தமிழ்நாட்டில் இதை ஒரு முழுக் கோட்பாடாக எழுதிப் பரப்பியவர் புதுக்கோட்டை கே. லட்சுமண சர்மா. ரமணரின் அடியவரான அவர் கையில் கூனேயின் அந்நியப் பொருள் வேதாந்தத்தோடு போய்ச் சேர்ந்தது. திருநெல்வேலிச் சீமையின் சிவசைலத்தில் தேங்காயும் பழமும் போதும் என்று இயங்கிய நல்வாழ்வு ஆசிரமம் வரை இந்தக் கோடு நீள்கிறது.

வெளியிலிருந்து வந்தது என்பதால் அது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அப்படிப் பார்த்தால் மிளகாயும் தக்காளியும் தப்பு. ஐரோப்பியத் தொழில் நகரங்களின் புகைக்குள்ளிருந்து எழுந்த ஒரு எதிர்ப்பு, இங்கே வந்ததும் பாரத ஞானம் என்று பெயர் மாற்றிக்கொண்டது என்பதே கவனிக்க வேண்டியது. அப்படிப் பெயர் மாறிய பிறகு அதைக் கேள்வி கேட்பவன் தேசத் துரோகியாகவோ தமிழ்த் துரோகியாகவோ ஆகிவிடுகிறான்.

உண்மையிலேயே இந்த மண்ணின் வைத்தியம் எப்படி இருந்தது? திண்டுக்கல்லுக்கு ஒரு நேரடியான சாட்சி உண்டு. கருணாமிர்த சாகரம் என்ற இசை நூலால் அறியப்படும் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) ஆசிரியப் பயிற்சி பெற்றதும் பாடம் நடத்தியதும் இந்த ஊரில்தான். வயலின் கற்றதும் இங்கேதான். சுருளி மலையில் கருணானந்தர் என்பவரிடம் சித்த மருத்துவம் பெற்றார் என்பது அவர் வரலாறு. பிறகு தஞ்சாவூர் போய், வாத்தியார் வேலையை விட்டு, பெரிய மூலிகைத் தோட்டம் போட்டு, சஞ்சீவி மருந்துகள் என்று பெயரிட்டு விற்றார். புகைப்படக் கலை பயின்ற கிறிஸ்தவர், பண்ணை நடத்தியவர், அச்சகம் வைத்திருந்தவர். இவருடைய சித்த மருத்துவம் காட்டுக் குகையில் அடைபட்டுக் கிடக்கவில்லை. அது சந்தையையும் அச்சையும் புதிய கல்வியையும் கையில் எடுத்துக்கொண்டது. மாறாத தூய மரபு என்பது பின்னால் வந்தவர்களின் கட்டமைப்பு எனலாம்.

இனி காந்திக்கு வருவோம். 1909இல் ஹிந்த் ஸ்வராஜில் அவர் வைத்த வாதம் இது: நான் அளவுக்கு மீறித் தின்கிறேன், அஜீரணம் வருகிறது, டாக்டர் மாத்திரை கொடுத்துக் குணப்படுத்துகிறார், அதனால் மறுபடியும் தின்கிறேன், அவர் தலையிடாமல் இருந்திருந்தால் நான் என்னை அடக்கக் கற்றிருப்பேன். சாதாரண மனிதனின் கையில் அவன் உடம்பைத் திருப்பிக் கொடுக்கும் வாதம் இது. அதே நேரத்தில் இதில் ஒரு விஷம் இருக்கிறது. நோய் வந்தால் அது நோயாளியின் ஒழுக்கக் குறைவு. அளவுக்கு மீறித் தின்ற பாரிஸ்டருக்கு இது பொருந்தலாம். அளவுக்குக்கூடத் தின்னாத தறிகாரனுக்கு?

காந்தி தன் கோட்பாட்டுக்கு வெளியேயும் வாழ்ந்தார். 1918இல் சீதபேதியில் சாகக் கிடந்தபோது பால் குடிப்பதில்லை என்ற விரதத்தை ஆட்டுப்பால் குடித்துத் தளர்த்தினார். வழி சொன்னவர் கஸ்தூர்பா. 1924 ஜனவரியில் குடல்வால் அழற்சிக்குப் புனே சாசூன் மருத்துவமனையில் ஆங்கிலேய சர்ஜனின் கத்திக்குச் சம்மதித்தார். 1946 பிப்ரவரியில் மதுரைக்கும் பழனிக்கும் வந்துபோன காந்தி, அடுத்த மாதமே உருளிகாஞ்சனில் கிராமத்தாருக்கு இயற்கை மருத்துவம் பார்க்க உட்கார்ந்தார். புனே நகரத்தில் ஏழைகளுக்காக இயற்கை மருத்துவமனை நடத்தலாம் என்று தான் நினைத்தது மடத்தனம், ஏழைகள் அங்கே வந்து தங்க முடியாது என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்ட பிறகு எடுத்த முடிவு அது. இந்த நேர்மை அவரைப் பின்பற்றிய பலரிடம் இல்லை.

ஆனால் 1944 பிப்ரவரி. ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூர்பா இறந்துகொண்டிருக்கிறார். மகன் தேவதாஸ் பென்சிலின் வரவழைத்திருக்கிறார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும் என்று தெரிந்ததும் காந்தி வேண்டாம் என்கிறார், அவளை நிம்மதியாக விடு என்கிறார். பிப்ரவரி 22இல் கஸ்தூர்பா போய்விட்டார். அந்தக் கட்டத்தில் பென்சிலின் காப்பாற்றியிருக்காது என்பவர்கள் இருக்கிறார்கள். அது சரியாகவே இருக்கலாம். நான் பார்ப்பது வேறு. தந்தையும் மகனும் வாதாடுகிறார்கள். ஒரு பெண்ணின் உடம்பின்மீது இரண்டு ஆண்கள் இரண்டு கோட்பாடுகளை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இதை எழுதும்போது எங்கம்மா பஸ்ஸில் கேட்ட கேள்வி வந்து நிற்கிறது.

எங்கள் ஊரிலிருந்து மதுரை ரோட்டில், சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. 1947இல் அதை டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கினார்கள். சௌந்தரம் ஆங்கில மருத்துவம் படித்தவர். அங்கே சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிக்கும் லட்சுமி சேவா சங்கமும் இருக்கிறது. பிரசவமும் ஆபரேஷனும் நடக்கும் ஆங்கில மருத்துவ ஆஸ்பத்திரியும் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியின் பெயர் கஸ்தூர்பா மருத்துவமனை. இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்க முடியும் என்பதை ஒரு பெண் டாக்டர் வாதாடாமல் கட்டிக் காட்டியிருக்கிறார். அந்த வாசலை பஸ்ஸில் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். யோசித்ததில்லை.

4

தாத்தா கயரோகத்தில் செத்தார். நெசவுத் தெருக்களில் அது வீட்டுக்கு வீடு தெரிந்த நோய். இருட்டு, தூசி, நெரிசல், அரைவயிறு. அந்தக் காலத்தில் அதற்கான மருத்துவம் என்பது ஓய்வு, சுத்தமான காற்று, முட்டை, பால், ஆட்டு ஈரல். அதாவது இயற்கை மருத்துவம்தான். சானடோரியம் என்பது அதன் கட்டடம். இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்திய, கணித மேதை ராமானுஜனையும் அங்கே நோயாளியாகக் கண்ட டாக்டர் சௌரிமுத்துதான் 1928இல் தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். கூலி நெசவாளிக்கு ஓய்வு என்றால் அடுப்பு அணைகிறது என்று அர்த்தம். தாத்தா தறியிலேயே இருமினார்.

1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து நடத்தியது. ஒரு பாதி நோயாளிகளை நல்ல சாப்பாடும் படுக்கையும் உள்ள சானடோரியத்தில் வைத்தார்கள். மறுபாதியை அவர்களுடைய நெரிசலான வீட்டிலேயே, அவர்கள் சாப்பிட்ட ஏழைச் சாப்பாட்டிலேயே விட்டார்கள். இருவருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷம். 1959இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள். உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

1971இல் அப்பாவுக்கும் அதே நோய் வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, மாத்திரை. வேலையை முழுக்க விடாமலே பிழைத்தார். சீமை மருந்துதான் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது. இரசாயனத்துக்கு எதிராக நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது அப்பா தறியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கதை இதோடு முடியவில்லை. மாத்திரை போதும், சாப்பாடு முக்கியமில்லை என்று அந்த ஆய்விலிருந்து அரசாங்கங்கள் பாடம் கற்றுக்கொண்டன. அது அவர்களுக்கு வசதியான பாடம். 2023இல் ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. காசநோயாளியின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தபோது அவர்களிடையே புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில் ஆரம்பத்திலேயே எடை ஏறியவர்கள் சாவிலிருந்து அதிகம் தப்பினார்கள். ஆக, சாப்பாடு மருந்துதான். ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அல்ல. அதுவும் உபதேசமாக வந்த சாப்பாடு இல்லை இது; மூட்டையாக வீட்டுக்கு வந்த சாப்பாடு.

5

அம்மா பிறந்தது வேடசந்தூர்ப் பக்கம் மானாவாரிக் கிராமம். சோளச்சோறு, கம்பங்கூழ், கேப்பைக்களி, சாமை. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். டவுனுக்கு வாக்கப்பட்டு வந்தபோது தினமும் நெல்லுச்சோறு கிடைக்கும் என்பதுதான் பொண்ணு வீட்டார் பேசிய பெருமை. கூழ் என்பது வெறும் உணவல்ல, அது சாதி, அது வறுமை, பள்ளிக்கூடத்தில் தூக்குச்சட்டியைத் திறக்கக் கூசுவது. 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படி அரிசி என்ற முழக்கம் ஒரு ஆட்சியை மாற்றியது என்றால், அது வயிற்றைப் பற்றிய வாக்குறுதி மட்டுமல்ல, மானத்தைப் பற்றியதும்கூட. பிறகு 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இலிருந்து விலையில்லா அரிசி. பசியை ஒழித்ததில் அதன் பங்கை மறுப்பவர்கள் பசித்துக் கிடந்ததில்லை.

ஆனாலும் அதே காலத்தில் புன்செய் தானியங்களுக்கு விலையும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை, ரேஷனில் இடமும் இல்லை. காடுகள் வேறு பயிருக்குப் போயின, மனைகளாகின. தட்டில் வெள்ளை அரிசி மட்டும் மிஞ்சியது. குழித்தறி போய் விசைத்தறி வந்து, நடை போய் மொபட் வந்து, உழைப்பும் மாறியது. 2023இல் வந்த தேசிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். இது பணக்கார நோய் என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

இப்போது அந்தச் சாமையும் தினையும் திரும்பி வந்திருக்கின்றன. கண்ணாடிக் கடையில், பாலித்தீன் பையில், அரிசியைப் போல இரண்டு மூன்று மடங்கு விலையில். மானாவாரி மக்களிடமிருந்து கேவலமானது என்று சொல்லிப் பறித்த உணவை, மருந்து என்று சொல்லி அவர்களுக்கே விற்கிறார்கள். சுசுருதர் காலத்துப் பணக்காரனின் சிறுதானியம் மறுபடியும் பணக்காரனிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. 2023இல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு பெற்றுக்கொள்ளலாம் என்று அரசு தொடங்கியது. இந்தத் திசையில்தான் பேச வேண்டும்; சமையல் குறிப்புகளின் திசையில் அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான இயற்கை உணவுப் பட்டியல்களில் மீனும் கறியும் நஞ்சாகவே இருக்கின்றன. மாட்டுக்கறி பேச்சிலேயே வராது. இது உடலியல் அல்ல, சாதியியல். சர்க்கரைக்காரனுக்கு மீனால் ஆகும் கெடுதலைவிட ஒரு சீப்பு வாழைப்பழத்தால் ஆகும் கெடுதல் அதிகம். சாத்விகம் என்ற சொல் மருத்துவத்துக்குள் நுழைந்து எவ்வளவு பேரின் தட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறது என்று தனியாக எழுதலாம்.

உணவு மாற்றத்தால் நீரிழிவைக் கட்டுப்படுத்த முடியாதா? முடியும். பிரிட்டனில் நடந்த ஆய்வொன்று 2017இல் வெளியானது. நோய் கண்டு ஆறு வருஷத்துக்கு மேல் ஆகாத, உடல் பருத்த, இன்சுலின் போடாத நோயாளிகள். சில மாதங்கள் நாளுக்கு 850 கலோரி அளவு உணவு. வருஷ முடிவில் ஏறக்குறைய பாதிப்பேர் மாத்திரை இல்லாமலே நோயிலிருந்து விடுபட்ட நிலையில் இருந்தார்கள். ஆனால் அந்த உணவு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. நர்சுகளும் உணவு ஆலோசகர்களும் கூடவே இருந்தார்கள். இரத்தச் சோதனை தொடர்ந்தது. இரண்டாம் வருஷத்தில் விடுபட்டவர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. இதில் மாயம் ஒன்றுமில்லை, நிறையக் கவனிப்பு இருக்கிறது.

இயற்கைக்கும் இரசாயனத்துக்கும் நடுவில் நாங்கள் போட்ட கோடும் தப்பு. நாங்கள் வெறுத்த மாத்திரைகளில் ஒன்று மெட்ஃபார்மின். ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் வழங்கிய கலேகா என்ற செடியின் சத்தைப் பின்தொடர்ந்து போய்க் கண்டடைந்த மருந்து. 1957இல் பாரிசில் ஜான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டு எழுதினார். மறுபக்கம், 2004இல் பாஸ்டன் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்பது கேள்வி அல்ல. யார் சோதித்தார்கள், யாரிடம் கணக்குச் சொன்னார்கள் என்பதே கேள்வி.

6

அம்மாவிடம் திரும்புகிறேன்.

முதல் மூன்று மாதம் எல்லாம் நன்றாக இருந்த மாதிரி இருந்தது. அம்மா மெலிந்தார். கெட்ட சதை கரைகிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். தாகம் கூடியது, கழிவு வெளியேறுகிறது என்றார் முகாம்காரர். அசதி வந்தது, உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ள ஓய்வு கேட்கிறது என்றார். கூனேயின் தத்துவத்தில் இதற்கு இடம் உண்டு. நோய் முற்றுவதுபோல் தெரிவது உண்மையில் குணமாவதன் அறிகுறி. தோற்கவே முடியாத கோட்பாடு இது. எது நடந்தாலும் அதற்குச் சாதகம். மார்க்சியத்தை இறுகிய பெருங்கதையாடல் என்று விமர்சித்துக்கொண்டிருந்த நாங்கள், வீட்டுக்குள் அதைவிட இறுகிய ஒன்றை உட்காரவைத்திருந்தோம். முன்பெல்லாம் சோதனைக் குழாயில் நீலக் கரைசலை ஊற்றிச் சிறுநீர் விட்டுக் காய்ச்சிப் பார்ப்போம். நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறமானால் ஆபத்து. அந்தக் குழாயைக் கழுவிப் பரண்மேல் வைத்தவனும் நான்தான்.

பட்டியலில் இருந்த பழம், தேங்காய், காய்கறிக்குக் கூலிக்காசு கட்டுப்படியாகவில்லை. எனக்கு அது தெரியவில்லை, தெரிந்துகொள்ளவில்லை. வாங்கிவந்த பழத்தை அம்மா பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். சாமையை வடித்து அதை அப்பாவுக்கும் எனக்கும் போட்டார், உடம்புக்கு நல்லதாமே என்று. தனக்கு, எல்லாரும் தின்று மிச்சமான ரேஷன் அரிசிச் சோற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அப்பாவின் கயரோகக் காலத்திலும் அப்படித்தான், முட்டை அவருக்கு, ரசம் தனக்கு. அம்மா சீக்காளியானபோது அந்த வீட்டில் பத்தியம் சமைத்துப் போட ஒரு ஆள் இல்லை. பத்தியம் என்ற நிறுவனம் முழுக்கப் பெண்ணின் உழைப்பின்மீது நிற்கிறது. நோயாளி பெண்ணாக இருக்கும்போது அது நிற்க இடமில்லாமல் விழுகிறது. இந்த உண்மையை எந்தச் சித்தரும், கூனேயும், இல்லிச்சும் எனக்குச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: "ஒங்கம்மா ஒரு நா கூட அந்தக் கசாயத்தத் தவற விட்டதில்ல தம்பி. கசப்பா இருந்துச்சு, ஆனா நீ சொன்னேன்னு குடிச்சாங்க. சோறுதான் வேற இல்ல."

1996 தையில் காலில் ஆணி ஏறியது. ஏறியது அம்மாவுக்குத் தெரியவில்லை. மரத்துப்போயிருந்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டோம். பதினைந்தாம் நாள் நாற்றம் வந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஒரு இளம் டாக்டர், "எத்தனை நாளா மாத்திரை போடலை?" என்று கேட்டபோது அம்மா முந்திக்கொண்டு, "நாந்தான் மறந்துட்டேன் டாக்டர்" என்றார். 1998இல் போய்விட்டார்.

எனக்கு 2009இல் சர்க்கரை வந்தது. மாத்திரை போடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்கிறேன். அரிசியைக் குறைத்துவிட்டேன், கம்பும் சாமையும் சாப்பிடுகிறேன், என் பங்கை நானே சமைக்கிறேன், தினமும் ஒரு மணிநேரம் நடக்கிறேன். உணவை மாற்றிய பிறகு மாத்திரையின் அளவு குறைந்தது. குறைத்தது டாக்டர், சோதனைத் தாளைப் பார்த்து. ஆவாரம்பூவும் குடிக்கிறேன். அது சர்க்கரையைக் குறைக்கிறதா என்று கேட்டால், நான் அதற்காகக் குடிக்கவில்லை என்பேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கும் மாத்திரையோடு ஒரு பெண் வருகிறார். பிரஷர் பார்க்கிறார், காலைப் பார்க்கிறார், புண் இருக்கிறதா என்று கேட்கிறார். 1995இல் இப்படி ஒருத்தர் வந்து அம்மாவின் காலைப் பார்த்திருந்தால் என்ற நினைப்பு வராமல் இருப்பதில்லை.

நண்பர்கள் சிலர் இன்றைக்கும் மருத்துவ அதிகாரம் பற்றிப் பேசுகிறார்கள். பேச வேண்டும். விளக்கம் சொல்லாத டாக்டர், கேட்க முடியாத நோயாளி, விலை ஏறும் மருந்து, தனியார் ஆஸ்பத்திரிக் கொள்ளை எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் அதிகாரம் வெள்ளைக் கோட்டில் மட்டும் இருக்கிறது என்று நம்பியதுதான் எங்கள் பிழை. கையில் புத்தகத்தோடு தறிக்குழி ஓரம் உட்கார்ந்திருந்த மகனிடமும் அது இருந்தது. அம்மா டாக்டரை எதிர்த்துக் கேள்வி கேட்காத அதே மாதிரி என்னையும் எதிர்த்துக் கேட்கவில்லை. "ஒனக்குச் சரின்னு படுதா" என்று மட்டும் கேட்டார்.

யாராவது ஒரு நண்பர் தன் வீட்டில் ஒருவருடைய மாத்திரையை நிறுத்தலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், முதலில் அந்த வீட்டின் அடுப்படிக்குப் போய் அவர் தட்டில் என்ன இருக்கிறது, அதை யார் சமைத்தார்கள் என்று பார்த்துவிட்டு வரட்டும். சோதனைக் குழாயைப் பரணிலிருந்து எடுத்துக் கீழே வைக்கட்டும். பிறகு பேசலாம்.